ரன்வே இருக்கு, பயணிகள் விமானம் எங்கே?



திருச்சியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் சுமார் 1 மணி நேரம்தான். ஆனா கும்பகோணத்துக்காரர் அந்த விமானத்தைப் பிடிக்கவே 90 கிலோமீட்டருக்கு மேல ரோட்டுல போகணும். சுமார் ரெண்டு மணி நேரம்! செக்-இன் காத்திருப்பு தனி. "திருச்சி பக்கம்தானே"ன்னு சொல்றவங்க வேதாரண்யத்திலிருந்து கிளம்பிப் பாருங்க.

தஞ்சாவூர்லயே விமானப்படைத் தளம் இருக்கு. 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவே அங்க வந்துடுச்சு. ஒன்றிய அரசோட உடான் திட்டத்தில் தஞ்சை பெயரும் இடம்பெற்றது. பயணிகள் விமானம் மட்டும் வரல.

நாட்டுக்கே சோறு போடுற மண்ணு சலுகை கேட்கல. அறிவிச்சதைச் செய்யுங்கன்னுதான் கேட்குது. தேதி சொல்லுங்க!

#தஞ்சைக்கு_விமானம்_எப்போ