‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’: யார், எதை?

மூணு பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்கார, சென்னை முதல் குமரி வரை ஒரே மந்திரம்தான்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." தண்ணி வரலைன்னா வீட்டு ஓனரும் இதையே சொல்வார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிடும் மேனேஜரும் இதையேதான் சொல்வார்.

ஆங்கிலத்தில் ‘அட்ஜஸ்ட்’ பெரும்பாலும் ஒரு பொருள் மேல் செய்கிற வேலை. பைக் கண்ணாடி, பிரேக், வால்யூம் என எதையாவது லேசாகத் திருப்பிச் சரியாக்குவது.  மனிதர்களைப் பற்றிச் சொன்னால் ‘பழகிக்கொள்வது’ என்று பொருள். எதற்கு என்பதும் பெரும்பாலும் கூடவே வரும்: புது ஊருக்கு, நைட் ஷிஃப்டுக்கு. லண்டன் கிளையன்டுக்கு வெறுமனே ‘ப்ளீஸ் அட்ஜஸ்ட்’ என்று மெயில் போட்டால், எதை என்று திருப்பிக் கேட்பார்.

நாம் செய்த வேலை ‘கொள்’ என்ற துணைவினையில் இருக்கிறது. ‘பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணு’ என்றால் பிரேக்கைத் திருகு. வெறும் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்றால், திருக வேண்டியது உன்னையே! யார் மாறணும் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

பஸ் சீட்டில் இதனால் பாதகமில்லை. (லத்தீன் வேரிலேயே ‘அருகே’ என்ற பொருள் உண்டு; நெருக்கி உட்காரச் சொல்பவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.) ஆனால் கல்யாணமாகிப் போகும் பெண்ணிடம் மட்டும் ஏன் இதைச் சொல்கிறோம்? சினிமாவில் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்பது வாய்ப்புக்காகப் பாலியல் இணக்கம் கேட்பதன் சங்கேதச் சொல். மலையாளத் திரையுலகம் பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, ‘காம்ப்ரமைஸ்’ என்பதோடு இந்தச் சொல்லும் அதில் இருந்தது. வற்புறுத்தலுக்கு இவ்வளவு மிருதுவான பெயர் இருப்பது வற்புறுத்துகிறவருக்குத்தான் வசதி.

‘தள்ளி உட்காருங்க’, ‘பொறுத்துக்கோங்க’, ‘விட்டுக்கொடு’, ‘பழகிடும்’ எல்லாமே தமிழில் தனித்தனிக் கோரிக்கைகள். ஒன்றுக்குச் சரி, இன்னொன்றுக்கு முடியாது என்று பதில் சொல்லலாம். அட்ஜஸ்டுக்கு மறுத்தால், ‘அட்ஜஸ்ட் பண்ணத் தெரியாத ஆள்’ என்ற பட்டம்தான் மிச்சம். அடுத்த முறை ஆபீஸ் குரூப்பில் "இந்த வீக்எண்ட் மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று வந்தால், "எத்தனை மணி நேரம் சார், பதில் லீவு என்னைக்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.