"இதுல சாதி எங்க வந்துச்சு?"

தருமபுரி மாவட்டத்தில் களப்பணி செய்கிற எங்களுக்குப் பழகிப்போன கேள்வி இது. புகார் கொடுக்கப் போனால் கேட்பார்கள். சமாதானம் பேச வருகிறவர்கள் கேட்பார்கள். சில நேரம் நம் பக்கம் நிற்கும் நண்பர்களே கேட்பார்கள். வரப்புத் தகராறு, காதல் தகராறு, முன்விரோதம், குடிபோதை என்று எந்தச் சம்பவத்துக்கும் ஒரு வேறு பெயர் தயாராக இருக்கும். சாதி என்ற பெயர் மட்டும் கடைசிவரை வராது.

வத்தல்மலையில் கல்லூரி மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது இதே கேள்வி அமெரிக்கா வழியாக வந்தது. "அங்க ஒரு கட்சி இனவெறிங்குது, இன்னொரு கட்சி இல்லைங்குது. ரெண்டு பேரும் ஒரே சம்பவத்தைத்தானே பாக்குறாங்க, அப்புறம் எப்படி?" என்றார் ஒரு தம்பி. நல்ல கேள்வி. பார்க்கும் சம்பவம் ஒன்றுதான். அளக்கும் கோல் வேறு. ஒருவர் செய்தவரின் மனதை அளக்கிறார்: அவர் வெறுப்போடு செய்தாரா? இன்னொருவர் பட்டவரின் நிலைமையை அளக்கிறார்: அடி யார் மேல் விழுந்தது? நோக்கமா, விளைவா என்பதே சண்டை.

அமெரிக்க உச்ச நீதிமன்றமே இரண்டு கோல்களையும் மாற்றி மாற்றிப் பிடித்திருக்கிறது. டியூக் பவர் என்ற மின் நிறுவனம் நல்ல வேலைகளுக்குப் பள்ளிச் சான்றிதழும் தேர்வும் கட்டாயம் என்றது. அந்த வேலைகளுக்கும் அந்தத் தகுதிகளுக்கும் சம்பந்தம் இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை. கறுப்பினத்தவர்தான் அதிகமாக வடிகட்டப்பட்டார்கள். 1971இல் நீதிமன்றம், உள்நோக்கம் இல்லாவிட்டாலும் இது சட்டவிரோதம் என்றது. ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1976இல், வாஷிங்டன் காவல்துறைத் தேர்வு வழக்கில், அரசமைப்புச் சட்டப்படி பாகுபாடு என்று சொல்ல விளைவு மட்டும் போதாது, நோக்கத்தையும் காட்ட வேண்டும் என்றது. 1987இல் ஜார்ஜியா மாநில மரண தண்டனை வழக்கு ஒன்று வந்தது. வெள்ளையரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கே மரண தண்டனை அதிகம் என்று விரிவான ஆய்வு காட்டியது. அந்த ஆய்வு சரி என்றே வைத்துக்கொண்டாலும், இந்தக் கைதியின் வழக்கில் பாகுபாட்டு நோக்கம் இருந்ததைக் காட்டவில்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப், விளைவை வைத்துப் பாகுபாட்டை அளக்கும் முறையை முடிந்த அளவு கைவிடும்படி அரசுத் துறைகளுக்கு உத்தரவே போட்டார்.

நோக்கம் என்ற கோலில் ஒரு வசதி இருக்கிறது. மனதைத் திறந்து காட்ட வேண்டிய பொறுப்பு அடிபட்டவர் தலையில் விழுந்துவிடும். அடித்தவர் "எனக்கு அப்படி எண்ணமே இல்லை" என்று சொன்னால் போதும்.

இந்தச் சண்டை நமக்கும் புதிதல்ல. 1989ஆம் ஆண்டு வன்கொமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(v) பிரிவு, பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றங்களை நம் மக்கள் மீது இழைத்தால் ஆயுள் தண்டனை என்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர் "என்ற காரணத்தால்" குற்றம் நடந்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த ஒரு சொல் வழியாகப் பல வழக்குகள் நழுவின. 2006இல் மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியில் ஒரு தலித் குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். கொலைக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் அது பழிவாங்கும் கொலை, சாதிக் கொலை அல்ல என்று 2010இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு தலித் குடும்பம் தலைநிமிர்ந்து சாட்சி சொன்னால் ஏன் அத்தனை ஆத்திரம் வருகிறது என்ற கேள்வியை யாரிடம் கேட்பது?

2015இல் சட்டம் திருத்தப்பட்டது, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. "என்ற காரணத்தால்" போய், "என்று தெரிந்தே" வந்தது. குற்றவாளிக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ முன்பே தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என 8ஆம் பிரிவிலும் சேர்த்தார்கள். கிராமத்தில் யாருக்கு யார் சாதி தெரியாது? தலித் மக்கள் பல்லாண்டு நீதிமன்றப் படிகளில் பெற்ற அனுபவம் இந்த ஒரு சொல் மாற்றத்தில் இருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இதை மறக்கக் கூடாது.

இனி நம் மாவட்டத்துக்கே வருவோம். 2012 நவம்பர் 7. நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று காலனிகள் எரிந்தன. ஒரு தலித் இளைஞரும் ஒரு வன்னியர் பெண்ணும் திருமணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகு தீ. அன்றைக்கும் கேட்டார்கள், இதில் சாதி எங்கே வந்தது என்று. ஒரு குடும்பத்தின் துக்கம் என்றார்கள். "நாடகக் காதல்" என்று புதுச் சொல்லே புழக்கத்துக்கு வந்தது. அந்தத் தந்தையின் சாவு துக்கமானது, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் துக்கம் ஒரு வீட்டைப் பற்றியது. எரிந்தவை இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். மணமக்களின் முகத்தைக்கூடப் பார்த்திராத குடும்பங்களின் பீரோவும் ரேஷன் அட்டையும் பிள்ளைகளின் சான்றிதழும் ஏன் எரிந்தன? தகராறு ஒருவரோடு, தண்டனை ஒரு தெருவுக்கே என்றால், இரண்டுக்கும் நடுவில் இருப்பதன் பெயர் சாதிதான். கொளுத்தியவர் மனதுக்குள் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

வாச்சாத்தியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 1992 ஜூன் 20. சித்தேரி மலை அடிவாரத்தில், வத்தல்மலையில் இருப்பதுபோலவே மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்றார்கள். தேடியது கட்டையை என்றால் 18 பெண்கள் ஏன் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள்? 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்தே போயிருந்தார்கள். 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. முப்பத்தோரு ஆண்டுகள். "இது வெறும் சோதனை" என்ற வேறு பெயரை உடைக்க அந்தப் பெண்களுக்கு அத்தனை காலம் ஆனது.

வேறு பெயர் சூட்டுவதற்கு அடுத்த படி ஒன்று உண்டு: பெயர் சொன்னவரையே குற்றவாளி ஆக்குவது. "சாதியைப் பேசுறவன்தான் சாதி வெறியன்" என்பார்கள். இது கடல் தாண்டியும் கேட்கிறது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியாவில் அதே போன்ற மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியும், அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட மறுத்தார்; இருக்கிற சட்டமே போதும் என்றார். சாதி என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதுவதே இந்துக்களைக் குறிவைப்பது என்று சில அமைப்புகள் எதிர்த்தன. அதற்கு முன் 2001இல் டர்பன் மாநாட்டில் நம் அரசே, சாதியும் இனமும் ஒன்றல்ல, இதை இங்கே பேசாதீர்கள் என்றது. ஆனால் இந்தியா 1968இல் ஏற்ற ஐ.நா. இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் பிரிவிலேயே வம்சாவளி என்ற சொல் இருக்கிறது. நோக்கம் "அல்லது" விளைவு என்றும் இருக்கிறது. வம்சாவளியில் சாதியும் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையின் குழு 2002இல் தெளிவாகவே சொன்னது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் பேசிவிடுவோம். எல்லாத் தகராறையும் சாதி என்றால் அந்தச் சொல் தேய்ந்து போகாதா? போகும். பக்கத்து நிலத்துக்காரர் வேறு சாதி என்பதால் மட்டும் எல்லைத் தகராறு வன்கொடுமை ஆகிவிடாது. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சொன்னபோது, அந்த அளவில் எங்களுக்கு மறுப்பில்லை. நான்கு சுவருக்குள், பொதுப்பார்வை இல்லாத இடத்தில் திட்டினால் அந்தப் பிரிவு பொருந்தாது என்பதில்தான் உறுத்தல். நம் பெண்கள் வேலை செய்யும் இடமே அந்த நான்கு சுவர்தானே? இன்னொன்றும் உண்டு. இந்தச் சட்டம் நமக்குள் நடப்பதைத் தொடாது. பட்டியல் சாதிகளுக்குள்ளும், பழங்குடிகளோடும் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதற்கு அதே கோலை நாமே நம் மீது வைக்க வேண்டும்.

ஆகவே தம்பி தங்கைகளே, "சாதி எங்கே வந்தது?" என்று கேட்டால் கோபப்பட்டு எழுந்து வராதீர்கள். நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள். செய்தவருக்கு எதிரே இருப்பவரின் சாதி தெரியுமா? அதே இடத்தில் வேறு சாதிக்காரர் இருந்திருந்தால் இதே போல நடந்திருக்குமா, முன்பு நடந்ததுண்டா? தகராறு யாரோடு, அடி விழுந்தது யார் யார் மேல்? நடந்த பிறகு ஊரும் காவல் நிலையமும் எப்படி நடந்துகொண்டன?

புகாரில் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். "சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்" என்று சுருக்கினால் ஏற்காதீர்கள். முதல் தகவல் அறிக்கை போட முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தத்தின் 18-ஏ பிரிவு சொல்கிறது. விசாரிப்பவர் டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். அந்த வட்டாரத்திலேயே நடந்த பழைய சம்பவங்களையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். ஒரு சம்பவத்துக்கு வேறு பெயர் வைப்பது எளிது. பத்துச் சம்பவங்களை வரிசையாக வைத்துவிட்டால் பத்துக்கும் பத்து வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.

ஜெய் பீம்.