34-ம் நம்பர் ஜெர்சி

சிகாகோ வந்த புதுசு. டிரைவிங் லைசென்ஸ் கவுன்டரில், உறுப்பு தானத்துக்குப் பெயர் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஊர்ல அம்மா என்ன சொல்வாங்களோ என்று பயந்து, "வேண்டாம்" என்றேன்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் இன்னமும் 34-ம் நம்பர் ஜெர்சி போட்டு வருவார். அது வால்டர் பேட்டனின் நம்பர். அமெரிக்கன் ஃபுட்பாலில் சிகாகோ பேர்ஸ் அணிக்கு 1975 முதல் 13 சீசன் ஆடியவர். பந்தோடு ஓடியே 16,726 கஜம் கடந்தார். ஓய்வு பெற்றபோது அதுதான் சாதனை. ஓடுகிறவரை நாலு பேர் சேர்ந்து சாய்க்கிற ஆட்டம் இது. அதில் அவர் ஆடாமல் விட்டது ஒரே ஒரு மேட்ச், அதுவும் முதல் வருஷம்.

அப்பேர்ப்பட்ட உடம்பு! 1999 பிப்ரவரியில், மாற்றுக் கல்லீரல் வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் கலங்கிச் சொன்னார். அதற்குள் பித்தக்குழாயில் புற்றுநோய். மாற்று அறுவைக்கு வழியில்லாமல் போச்சு. ஆனாலும் மற்றவர்களுக்காக உறுப்பு தானம் பற்றிப் பேசினார். நவம்பர் 1 அன்று காலமானார்.

போன மாசம் லைசென்ஸ் புதுப்பிக்கணும். முந்தின ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். "போனப்புறம் நமக்கெதுக்குடா? குடுத்துட்டு வா."

பத்து வருஷமா நான்தான் கேட்கவே இல்லை. நீங்க வீட்டில் கேட்டாச்சா?