கழற்றிப் பூட்டிய கட்டடம்

மான்செஸ்டர் பேராலயத்தின் பக்கத்தில் 'ஓல்டு வெலிங்டன்' என்ற பப் இருக்கிறது. 1552-இல் கட்டியது. கறுப்பு மரச்சட்டங்கள், இடையில் வெள்ளைச் சுவர், தெருவைப் பார்த்து முன்தள்ளிய மாடி. ஆனால் அது இப்போது நிற்பது சொந்த இடத்தில் அல்ல. 1990-களின் கடைசியில் கழற்றி, சுமார் 300 மீட்டர் தள்ளிக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். "அப்படியானால் இது போலிதானே?" என்று இங்கே என்னோடு கட்டடப் பராமரிப்பு வேலை பார்ப்பவர்களே கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. நான் தச்சர் வீட்டுப் பிள்ளை.

இந்த வகைச் சட்டம் எப்படி உருவாகும் என்று பாருங்கள். வெட்டிய ஈரம் காயாத ஓக் மரத்தைப் பட்டறைத் தரையில் கிடத்தி இழைப்பார்கள். ஒரு மரத்தில் கழுந்து, இன்னொன்றில் அதற்கான துளை. இரண்டையும் செருகி, குறுக்கே மர ஆணி. கழுந்தில் போடும் ஆணித்துளையை மட்டும் நேராகப் போடாமல் ஒரு நூல், இரண்டு நூல் தள்ளிப் போடுவார்கள். ஆணியை அடித்து இறக்கும்போது அது வளைந்து கொடுத்து, பொருத்தை இழுத்துக் கவ்விக்கொள்ளும். பசை கிடையாது, இரும்புத் திருகும் கிடையாது. எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று உளியால் ரோமன் எண்களைக் கீறிவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றி, மனைக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கழற்றுவதும் பூட்டுவதும் அந்தத் தச்சர்கள் போட்ட கணக்கிலேயே உண்டு.

1970-களில் பக்கத்தில் கடைவீதி எழுப்பியபோது ஓல்டு வெலிங்டனை அப்படியே ஒன்றரை மீட்டர் அளவுக்கு உயர்த்தினார்கள். 1996 ஜூன் 15 அன்று ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு நகரின் நடுப்பகுதியையே குலைத்தது. 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பப்பைச் சில மாதங்களில் பழுதுபார்த்துத் திறந்துவிட்டார்கள். பிறகு நகரின் நடுப்பகுதியை மறுபடி கட்டியபோதுதான் அதைக் கழற்றி இங்கே கொண்டுவந்தார்கள். அதைச் சுற்றி எழுந்த கான்கிரீட்டையோ இடித்துத்தான் அள்ள முடிந்தது.

ஒரு மனக்குறை உண்டு. பக்கத்தில் ஒரே வரிசையில் நின்ற 'சின்க்ளேர்ஸ்' பப்பையும் கூடவே கொண்டுவந்து, செங்கோணத்தில் திருப்பி வைத்துவிட்டார்கள். தோளோடு தோள் நின்றவை அவை. அதைச் செய்திருக்க வேண்டாம்.

இடம் மாறுவதால் இந்தக் கட்டடங்கள் சாவதில்லை. சிமெண்ட்தான் கொல்கிறது. களிமண், வைக்கோல், சாணம் குழைத்து வரிச்சில் அப்பிய சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் மரத்துக்குள் அடைபடும். பழைய மரச்சட்டக் கட்டடங்களில் சுண்ணாம்புப் பூச்சைத் தவிர வேறெதையும் நகராட்சிகள் அனுமதிக்கக் கூடாது.

போன வருடம் அப்படிப் பூசிய ஒரு வீட்டில் அடிச்சட்டத்தைத் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். கைப்பிடிவரை இறங்கியது. அழுகிய முனையை மட்டும் அறுத்தெடுத்துவிட்டுப் புது ஓக்கை ஒட்டுப்போட்டால் போதும் என்று சொன்னேன். சுவரோடு சேர்த்து மொத்தத்தையும் பெயர்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள்.