தந்தையிலிருந்து தொடங்குக

காற்பந்து வீரர் ஜினதீன் ஜிதானைப் பற்றி (நம் வழக்கில் ஜைனுத்தீன்) எழுதுவோர் பலரும், மார்சேய் நகரின் லா காஸ்தெலான் குடியிருப்பில் பந்து உதைத்த சிறுவனிடமிருந்தே தொடங்குகின்றனர். அது பிழை என்பது நம் கருத்து.

தொடங்க வேண்டிய ஆண்டு 1953. அல்ஜீரியாவின் கபிலியா மலைச் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடிப் பிரான்சு சென்ற தந்தை இஸ்மாயில், பாரிசையடுத்த சேன் தெனியில் கட்டடத் தொழிலாளியாய் உழைத்தார், வேலைக்களத்திலேயே உறங்கினார். அல்ஜீரியா அன்று பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட நாடு. பின்னர் மார்சேயில் கிடங்கு வேலை, இரவுக் காவல். மலீக்கா அம்மையார் வீட்டைக் காத்தார். ஐந்து மக்களுள் இளையவராய் 1972இல் பிறந்தவரே ஜிதான். புலம்பெயர்ந்தவன் பிறரினும் இருமடங்கு உழைக்க வேண்டும் எனத் தந்தை கற்பித்ததை அவரே கூறியுள்ளார். பதினான்காம் வயதில் கான் நகருக்குப் பயிற்சிக்குச் சென்றபோது அவர் கொண்டுசென்ற செல்வம் அதுவே.

பிறவி மேதை என்று புகழ்வோர் இவ்வுழைப்பை மறைத்துவிடுகின்றனர். 1998இல் மகனின் முகத்தைப் பாரிசின் வெற்றி வளைவில் ஒளிரச் செய்தவர்கள், பந்து உதைக்கத் தெரியாத மற்றத் தொழிலாளர்தம் பிள்ளைகளையும் அவ்வாறே தம்மவராகக் கொண்டனரா? நாம் ஐயுறுகின்றோம்.

அவ்வாண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக ஜிதான் தலையால் இரு கோல்கள் அடித்த அரங்கம், சேன் தெனியில்தான் இருக்கின்றது.