பெங்களூரு–மைசூரு சாலை: அரைகுறை வேலைக்குக் கிடைத்த கெட்ட பெயர்

“ரோட்டை அகலமாக்கினால் சாவுதான் கூடும், பெங்களூரு–மைசூரு சாலையைப் பாருங்கள்” என்கிறார்கள். பார்ப்போம். பழைய நெடுஞ்சாலையை ஆறு வழியாக்கி, இருபுறமும் சர்வீஸ் ரோடு வைத்து, பிடதி முதல் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை ஊர்களுக்கு வெளியே பைபாஸ் போட்டு, 2023 மார்ச் 12 அன்று திறந்தார்கள். சுமார் 118 கி.மீ. நீளம். அந்த ஆண்டு அதில் 188 பேர் இறந்தார்கள். இந்த வாதம் அந்த எண்ணோடு நின்றுவிடுகிறது. அடுத்த ஆண்டு இறந்தவர்கள் 50 பேர்.

இந்த இடைவெளியில் சாலையின் அகலம் ஓர் அடிகூடக் குறையவில்லை. 2023 ஜூலையில் வாகன வேகத்தை அளக்கும் கருவிகளோடு போலீஸ் சாலையில் இறங்கியது. மணிக்கு 100 கி.மீ. வரம்பைக் கண்டிப்பாக்கினார்கள். ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் ஆகியவை பிரதான சாலைக்குள் வரத் தடை வந்தது. பிறகு கேமராக்கள் வந்தன.

நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் கடக்கிறது. தலையில் புல்லுக்கட்டோடு ஒருவர் இரண்டு வழித்தடங்களை, அதாவது ஏழு மீட்டரை, நடந்து கடக்க ஆறு நொடியாவது ஆகும். அவர் கால் வைக்கும்போது 160 மீட்டருக்கு அப்பால் சிறு புள்ளியாய்த் தெரிந்த கார், அவர் அக்கரை சேர்வதற்குள் வந்துவிடும். ஆறு வழிச் சாலையில் அவர் தாண்ட வேண்டியது மூன்று தடம், மீடியன், மறுபடி மூன்று தடம். அந்த வேகத்தில் வாகனங்கள் ஓடும் இடத்தில் ஆளும் மாடும் குறுக்கே வராமல் வேலி வேண்டும். கடக்கச் சுரங்கப்பாதையோ நடைமேம்பாலமோ வேண்டும். வாகனம் ஏறவும் இறங்கவும் தனி வழி வேண்டும். இவை முழுதும் முடியாத நிலையில் அதிவேகத்தை மட்டும் அனுமதித்தார்கள். 2023-இன் சாவுகளில் பெரும்பங்கு அந்த அவசரத்தின் கணக்கில்தான் சேர வேண்டும்.

“டிரைவர் திருந்தாமல் ரோடு போட்டு என்ன பயன்?” என்பது அடுத்த வாதம். 2022-இல் நாட்டில் நடந்த சாலை மரணங்களில் 70 சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தால் என்று அரசு அறிக்கையே சொல்கிறது. மறுக்கவில்லை. ஆனால் ஓராண்டில் கர்நாடக ஓட்டுநர்கள் எல்லாரும் உத்தமர்களாகிவிடவில்லை. தப்புச் செய்தால் மாட்டுவோம் என்ற பயம் வந்தது. தப்பு நடக்கும் இடத்தில் எதிரே பைக்கில் ஒரு குடும்பம் இல்லாமல் போனது. இரண்டுமே சாலையை நிர்வகிப்பவர்கள் செய்யக்கூடியவை.

“பைக்காரனை விரட்டிவிட்டார்கள்” என்ற குறையில் நியாயம் உண்டு. சர்வீஸ் ரோடு இடையிடையே அறுந்துபோனால் அவன் எங்கே போவான்? வயல் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று இருப்பவரை மூன்று கி.மீ. சுற்றச் சொன்னால் சுற்றமாட்டார், வேலியை வெட்டுவார். அவரைத் திட்டிப் பயனில்லை. இதற்கெல்லாம் தீர்வு தடையை நீக்குவதல்ல. சர்வீஸ் ரோட்டை முடிப்பதும், ஊருக்கு ஊர் சுரங்கப்பாதை வைப்பதும்தான்.

“ஊர்கள் செத்துவிட்டன” என்பதைப் பாதி ஒப்புக்கொள்ளலாம். பிடதி தட்டு இட்லிக் கடைக்கும், மத்தூர் வடைக்கும், சென்னபட்டணா மரப் பொம்மைக்கும் வழிப்போக்கர் வியாபாரம் குறைந்தது உண்மை. அதற்காக லாரிகள் கடைத்தெரு வழியே உறுமிக்கொண்டு போக வேண்டுமா? இறங்கும் வழியை ஊருக்குப் பக்கத்தில் வையுங்கள், கண்ணில் படும்படி பலகை வையுங்கள் என்று கேட்பதே சரியான கோரிக்கை.

இந்தச் சாலை திறந்த இரண்டு நாளிலேயே, சர்வீஸ் ரோடு வேலை முடியாத நிலையில், சுங்கம் வசூலிக்கத் தொடங்கினார்கள். நம் ஊரில் அடுத்த நெடுஞ்சாலையைத் தரம் உயர்த்தும்போது கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை எழுதி வாங்குங்கள்: கடைசிச் சுரங்கப்பாதையும் கடைசிச் சர்வீஸ் ரோடும் முடியும்வரை டோல் கேட் திறக்கக் கூடாது.