கணக்கில் விடுபட்ட கலைஞர்

எமதர்மன் சபையில் கணக்கெழுதும் சித்திரகுப்தன் எதையும் விடமாட்டான் என்பது நம்பிக்கை. அதே பெயர் கொண்ட இசையமைப்பாளர் ஒருவரின் கணக்கை இந்திப் படவுலகம் சரியாக எழுதவில்லை.

பீகாரில் 1917-ல் பிறந்தவர் சித்ரகுப்த்; எம்.ஏ. பட்டதாரி. எஸ்.என். திரிபாதியிடம் உதவியாளராக இருந்து, 1946 முதல் தனியே இசையமைத்தார். பத்தாண்டுக் காலம் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சிறு முதலீட்டுப் புராணப் படங்களும் சண்டைப் படங்களுமே. ஒரு முறை குத்திய முத்திரையைப் பம்பாய் எளிதில் அழிப்பதில்லை.

அந்த முத்திரையைப் பாராமல் வாய்ப்பளித்தவர், காரைக்குடி ஏவி. மெய்யப்பச் செட்டியார். 'நாம் இருவர்' (1947) படத்தைக் காரைக்குடியில் எடுத்துவிட்டு, 1948-ல் ஸ்டூடியோவைக் கோடம்பாக்கத்துக்கு மாற்றியவர் அவர். தமிழில் வந்த 'குலதெய்வம்' 1957-ல் ஏவி.எம். தயாரிப்பில் 'பாபி' என்று இந்தியில் வெளிவந்தது, இசை சித்ரகுப்த். முகமது ரபியும் லதா மங்கேஷ்கரும் பாடிய பாட்டுகள் நாடெங்கும் ஒலித்தன. 'களத்தூர் கண்ணம்மா'வின் இந்தி வடிவத்துக்கும் (1962) அவரே இசையமைத்தார். 1963-ல் வெளியான முதல் போஜ்புரிப் படத்தின் இசையும் அவருடையதே.

1991-ல் சித்ரகுப்த் மறைந்தார். பாடியவரை நினைக்கிறோம், நடித்தவரைப் போற்றுகிறோம், மெட்டமைத்தவரை மறந்துவிடுகிறோம். இது முறையன்று.

வரவு செலவில் பிசகாத பூமி செட்டிநாடு. ஏவி.எம்.மின் பெருமையை அங்கே பேசும் போதெல்லாம் பீகாரில் பிறந்த இந்தக் கலைஞரின் பெயரும் ஏடேற வேண்டும். அது சலுகை அல்ல. தீர்க்க வேண்டிய பழைய பாக்கி.